முருங்கையில் முடிந்த காசு

அக்கா போன் செய்தபோது நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடையில் இரண்டு நாற்காலிகள் உண்டு, இரண்டும் வருகிறவர்களுக்கு. பம்பு மோட்டார் சாமான் விற்கிற கடை. யாராவது ஒரு தேய்ந்த வாஷரை மேசைமேல் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்கும்வரை நான் வாசலுக்கும் கல்லாவுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பேன். ஐம்பதைத் தாண்டினால் நடப்பது கனக்கும் என்கிறார்கள். எனக்கு உட்காருவது கனக்கிறது. எதையோ வைத்த இடம் மறந்தவனைப் போல, எது என்றும் மறந்தவனைப் போல, கால்கள் தாமாகத் தேடிக்கொண்டே இருக்கின்றன.

"ஏலே, அந்தக் கீ கீ மிஷின எடுத்துக்கிட்டு உடனே தோட்டத்துக்கு வா."

"என்னக்கா தொலைஞ்சுச்சு? தோடா?"

"தோடா இருந்தா நான் ஏன் இப்படிக் கெடந்து தவிக்கிறேன்? ஒத்த ரூவாக் காசு."

நான் சிரித்துவிட்டேன். போனில் மறுபக்கம் சத்தமே இல்லை. அக்கா அழும்போது அப்படித்தான் இருக்கும்.

ரெட்டியார்சத்திரம் போகிற பஸ்ஸில் நின்றபடியே போனில் மிச்சத்தைக் கேட்டுக்கொண்டேன். போன ஆடியில் மச்சான் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேலேயே சாய்ந்துவிட்டார். செய்தி வந்தபோது அக்கா தோட்டத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு ஓடி மஞ்சள் துணி எடுக்க நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து, சேலை ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அதில் முடிந்து, தாடிக்கொம்பு இருக்கிற திசையைப் பார்த்து, "பெருமாளே, ஆளத் திருப்பிக் குடுத்துரு, இதக் கொண்டாந்து உன் உண்டியல்ல போடுறேன்" என்று சொல்லி, கைக்கு எட்டிய கிளையில் கட்டிவிட்டுக் காரில் ஏறியிருக்கிறாள்.

பெருமாள் ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த ஓட்டத்தில் காசு மறந்துபோனது. மழைக்கு முன்னால் முருங்கையைக் கவாத்து செய்தார்கள். கிளைகளை ஆடு தின்றது. சுள்ளி அடுப்புக்குப் போனது. ரொட்டவேட்டர் மண்ணைப் புரட்டிப் போட்டது. இப்போது ஒரு மாதமாக மச்சானுக்குத் திரும்பவும் நெஞ்சில் இறுக்கம். மறுபடி ஆஞ்சியோ பார்க்க வேண்டும், புதன்கிழமை வாருங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அக்காவுக்கு அந்தக் காசு ஞாபகம் வந்திருக்கிறது.

"சாமிக்குச் சேர வேண்டியது சேரல. அதான் நெஞ்சப் பிடிக்குது. அந்தக் காசு உண்டியல்ல விழாம இவர நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

"வேற ஒரு ரூவா போட்டா ஆகாதாக்கா?"

"வேற ஒருத்தன் வந்து தாலி கட்டுனா ஆகுமாடா?"

போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

தோட்டத்தில் மச்சான் தென்னையடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. ஆனால் வாய் மெலியவில்லை.

"வாங்க மாப்ள. உங்கக்கா செஞ்ச கூத்தக் கேட்டீங்களா? ஊரு உலகத்துல வேம்பு இருக்கு, புளி இருக்கு, இந்தா என் தலைக்கு மேல தென்னை இருக்கு. தொட்டாலே முறியிற முருங்கையிலயா ஒருத்தி புருஷன் உசுரக் கட்டுவா?"

"கைக்கு அதுதான எட்டுச்சு" என்றாள் அக்கா. "ஏணி போட்டுக் கட்டிட்டு வாரேன், செத்த நேரம் பொறுத்துச் சாவுங்கன்னு சொல்லியிருக்கணுமோ?"

நான் கொண்டுபோனது மண்ணுக்குள் உலோகம் தேடுகிற புதுக் கருவி. ஆன்லைனில் வாங்கியது. திரை இருக்கிறது, திரையில் எண் வரும், எண்ணைப் பார்த்தால் மண்ணுக்குள் இருப்பது பித்தளையா, வெள்ளியா, குப்பையா என்று தோண்டாமலே தெரியும். ஆணியும் கம்பியும் தொந்தரவு செய்யாமலிருக்க இரும்பைக் காட்டாதே என்று அதில் வைத்துவிடலாம். நான் வாங்கிய அன்றே அப்படித்தான் வைத்தேன். அதற்குப் பிறகு அதைக் கொண்டு எங்கே போனாலும் பெரும்பாலும் அமைதிதான். நடப்பேன். திரையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வருவேன். எதற்காக இதை ஆரம்பித்தோம் என்பதுகூட மங்கிப்போய், மூன்றாவது மாதத்தில் அது கடைக்குள் மூலையில் போய் நின்றுகொண்டது.

அன்றைக்கும் அமைதி. முருங்கை வரிசை முழுக்க மேலும் கீழும் நடந்தேன். பித்தளைக் குழாய்மூடி ஒன்று கிடைத்தது. அதோடு சரி. வெயில் ஏறியது. அக்கா எனக்குப் பின்னாலேயே வந்தாள், நான் நின்றால் நின்றாள்.

பொறுக்க முடியாமல் என் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேலேயே கருவியை ஆட்டினேன். சத்தமில்லை. கண்ணுக்கு நேரே கிடக்கிறது காசு. எதுவுமே இல்லை என்று சாதிக்கிறது கருவி. அப்போதுதான் உறைத்தது. இப்போது நாம் புழங்குகிற ஒரு ரூபாய் எஃகு. காந்தம் வைத்தால் ஒட்டும். இந்தக் கருவிக்கு அது ஆணிக்குச் சமம். வெளிநாட்டுக் காசுகளுக்காகச் செய்த கருவிக்கு, நம் ஊர் ரூபாய் கண்ணில் படாமல் போக நானே வழி செய்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தடையை எடுத்துவிட்டேன். உடனே அது கத்தத் தொடங்கியது. அந்தப் பக்கத்துச் செம்மண்ணில் கருமணல் கலந்திருக்கும். அடி எடுத்து வைக்கிற இடமெல்லாம் அலறல். திரையில் எண்கள் சந்தையில் கொட்டிய சின்ன வெங்காயம் மாதிரி உருண்டோடின. கொஞ்ச நேரத்தில் பேட்டரியும் தீர்ந்து திரை கறுத்தது.

"என்ன மாப்ள, உங்க மிஷினுக்கும் ஸ்டென்ட் வைக்கணுமா?" என்றார் மச்சான்.

சிரிப்பு வரவில்லை. அக்கா மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு வருகிறேன், வேறு ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வேறு ஒன்று, பீரோவுக்கு மேலே அரிசிச் சாக்கில் சுற்றிக் கிடந்தது. கடை வைத்த புதிதில் ஒரு பைப்லைன் காண்டிராக்டர், மண்ணுக்குள் புதைந்த வால்வுகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்ததை எனக்கு விற்றார். திரை கிடையாது. ஒரு நீளக் கம்பி, அதன் நுனியில் இட்லிச் சட்டி மூடி அளவுக்கு ஒரு வட்டு, கைப்பிடிப் பக்கம் ஒரு டப்பா, டப்பாவில் ஒரு திருகு. போட்டால் எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும், சுவருக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி. உலோகம் நெருங்கினால் முனகல் மெலிந்து உயரும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். எது என்று சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

இறக்கினேன். பேட்டரி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒரு ஒயரை மாற்றிப் பற்றவைத்து, வட்டில் இருந்த விரிசலை எம்சீல் வைத்து அடைத்தேன். திருகைத் திருப்பியதும் முதலில் கரகரப்பு. பிறகு அந்த முனகல். என் உள்ளங்கை அதை எனக்கு முன்னால் அடையாளம் கண்டது.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "திரும்ப ஆரம்பிச்சாச்சா?"

"அக்காவுக்காகத்தான்."

"அது இருந்த வரைக்கும் ஞாயித்துக்கிழம வீட்டுல ஆளே இருக்காது" என்றாள். பிறகு, தட்டை வைத்துக்கொண்டே, "ஆனா திரும்பி வர்றப்ப மூஞ்சி நல்லாருக்கும். வெஞ்சனம் என்னன்னு கேக்காமச் சாப்புடுவீங்க" என்றாள்.

மறுநாள் வெயிலுக்கு முன்னால் தோட்டத்துக்குப் போய்விட்டேன். சிறுமலை அந்தப் பக்கம் இன்னும் மஞ்சு போர்த்திக் கிடந்தது. திருகை மெல்லத் திருப்பி, முனகலைக் காதுக்கு ஏற்ற இடத்தில் நிறுத்தி, வட்டை மண்ணுக்கு மேலே ஆட்டினேன். செம்மண்ணுக்கு இதுவும் சிணுங்கியது. ஆனால் இதன் சிணுங்கல் எனக்குத் தெரியும். கருமணலுக்கு அது பாதி மனதோடு உயரும். உயர்ந்து, வெட்கப்பட்டுத் தணியும். உலோகம் என்றால் தணியாது.

உயர்ந்தது. தணியவில்லை. மண்டியிட்டுத் தோண்டினேன். மாட்டு லாடத்தின் பாதி.

அடுத்து ஒரு குடைக்கம்பி. அடுத்து சோடாமூடி. அடுத்து ஒரு போல்ட், என் கடையில் விற்கிற அதே அளவு. பிறகு கலப்பையின் கொழுநுனி, தேய்ந்து தேய்ந்து நாக்கு மாதிரி ஆகியிருந்தது. ஒன்றும் விலைக்குப் போகாது. ஆனால் ஒவ்வொரு முறையும், மண்ணைக் கிளறும் விரலுக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவே அந்த ஒரு விரற்கடை இருக்கிறதே, அதில் எதுவும் இருக்கலாம். புதுக் கருவி அந்த ஒரு விரற்கடையைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டது. முன்பே சொல்லிவிடும். சொல்லிவிட்டால் எதற்குத் தோண்டுவது? முழங்காலில் மண் ஒட்டியிருந்தது, நகக்கண்ணில் மண், உதட்டில் மண். நான் எத்தனை நேரமாகக் கடையை நினைக்கவில்லை என்பது திடீரென்று ஞாபகம் வந்தது. என் கால்கள் எப்போதும் போலப் பரபரத்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு சத்தம் இருந்தது. அமைதி என்று இதைச் சொல்ல முடியாது. பசித்தவன் சாப்பிட ஆரம்பித்த அவசரம்.

காசு கிடைக்கவில்லை. முருங்கை வரிசை தீர்ந்து, ஆடு கட்டும் பக்கம் வந்து, அங்கிருந்து தென்னையடிக்கு நகர்ந்தேன். மச்சான் வழக்கம்போல அங்கே உட்கார்ந்திருந்தார். நான் நெருங்கியதும் எழுந்து, நாற்காலியைத் தென்னையின் பாத்திக்குள்ளேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"இங்க எதுக்கு மாப்ள? முருங்கை அந்தப் பக்கமுல்ல."

"ஆடு இழுத்துட்டு வந்திருக்கும் மச்சான்."

"ஆடு ரூவாயத் திங்குமா?"

வட்டு நாற்காலிக்குப் பக்கத்தில் போனது. முனகல் உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது. கொசு காதுக்குள் நுழைந்தாற்போல நின்றது. தணியவில்லை.

"சேருக்கு அடிக்குது" என்றார் மச்சான்.

"சேரு பிளாஸ்டிக்கு மச்சான்."

அவர் காலை எடுக்கவில்லை. நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார். அக்கா அங்கே தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மெதுவாக ஒரு காலை நகர்த்தினார்.

ஆழமில்லை. குதிகாலால் தள்ளி மூடியது மாதிரி இருந்தது. மாத்திரை அட்டை. ஒன்றல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக, வெள்ளித்தாள் மண்ணோடு மினுங்க, ஒவ்வொன்றிலும் மாத்திரைகள் பிரிக்காமல் அப்படியே இருந்தன. தாள் அரித்த இடத்தில் ஈரம் புகுந்து சில கரைந்து மாவாகியிருந்தன. அட்டையின் பெயரை எனக்குத் தெரியும். மெடிக்கலில் அதை வாங்கிக் கொடுத்தனுப்பியதே நான்தான். காலையில் போட வேண்டியது. "கஞ்சி குடிச்சுட்டுத் தோட்டத்துல போட்டுக்கிறேன்" என்று அட்டையோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாராம். அக்கா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

"மூடுங்க மாப்ள" என்றார் மச்சான், குரலைத் தாழ்த்தி. "அவ பாத்துறப் போறா."

"ஏன் மச்சான்?"

"அதப் போட்டா கை காலெல்லாம் விட்டுப்போகுது. மம்பட்டி பிடிச்சா மம்பட்டி என்னையத் தூக்குது. ஆபரேஷன் பண்ணியாச்சு, ஆளு நல்லாருக்கேன், இன்னும் எதுக்கு? ஒரு வாரம் விட்டுப் பாத்தேன். நல்லா வேல செஞ்சேன். அப்படியே விட்டுட்டேன்."

"இப்ப நெஞ்சு இறுக்குதுல்ல?"

அவர் தென்னையை அண்ணாந்து பார்த்து, "இதுக்கு இனிமே மாரடைப்பே வராது பாருங்க" என்றார். சிரிக்க முயன்றார். எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது.

"அக்கா பெருமாள் பிடிக்கிறார்னு நெனச்சுக்கிட்டு இருக்கா."

"தெரியும். அதான் காசு கிடைச்சாலும் கஷ்டம், கிடைக்காட்டியும் கஷ்டம்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கிடைக்கலன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டா. அங்க போனா ரத்தம் எடுத்துப் பாப்பாக, மாத்திரை போடலன்னு தெரிஞ்சுரும். நான் காசு கிடைக்கலன்னு சந்தோசப்பட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன், போதுமா?"

அட்டைகளை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பவும் முருங்கைப் பக்கமே போனேன். தேடுவதற்காக அல்ல; நின்றால் கத்திவிடுவேன் என்பதற்காக. வட்டை வெறிபிடித்தவன் போல ஆட்டினேன். வரப்பை ஒட்டி ரொட்டவேட்டர் திரும்ப முடியாமல் விட்ட ஒரு முக்கு இருந்தது, அருகம்புல் மண்டிய முக்கு. முன்பு அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது முனகல் உயர்ந்தது, தணியவில்லை.

புல்லைப் பிடுங்கினேன். ஒரு நீலத் துணி முனை. நல்லவேளை, அன்றைக்கு அக்கா பருத்திச் சேலை கட்டவில்லை. இது மக்குகிற துணியில்லை. முடிச்சு அப்படியே இறுகி இருந்தது, அவள் பல்லால் கிழித்த ஓரம் பிசிறு பிசிறாக. விரலால் அழுத்தினால் உள்ளே வட்டம்.

கூப்பிட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். இதைக் கொடுத்தால் இன்றைக்கே தாடிக்கொம்புக்குப் போவாள். உண்டியலில் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்குவாள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மச்சான் வாயைத் திறக்காமல் தென்னைக்கு மருந்து போட்டுக்கொண்டே இருப்பார்.

முடிச்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டு தென்னையடிக்கு வந்தேன். கையை விரித்துக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கை நீட்டினார்.

"தரமாட்டேன் மச்சான். அவகிட்ட நீங்களே சொல்லுங்க. சொன்னாத்தான் இது வெளிய வரும். இல்லாட்டி இப்பவே கெணத்துல போட்டுருவேன்."

"ஏலே, சாமி காசுடா."

அவர் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை.

"சாமி காசுதான். நீங்க சொல்றத அவரும் கேக்கட்டும்."

கிணற்றில் போட்டிருப்பேனா என்று இப்போதும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போல. என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து, "ஏய் இந்தா, இங்க வா" என்று கிணற்றைப் பார்த்துக் கூப்பிட்டார்.

அக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மச்சான் சுற்றி வளைக்கவில்லை. மாத்திரை போடல, புதைச்சுட்டேன், கை கால் அசந்து வந்துச்சு, அதான். நான் பையிலிருந்து அட்டைகளை எடுத்து நாற்காலியில் வைத்தேன். அவள் ஒன்றை எடுத்து மண்ணை ஊதினாள். புடைத்த இடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவினாள்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப இத்தன நாளா நான் பெருமாளப் பேசுன பேச்செல்லாம்?" என்றாள். "ஒத்த ரூவாக் காசுக்காகவா ஒரு மனுசன் நெஞ்சப் பிடிக்கிறீரு, நீரெல்லாம் ஒரு சாமியான்னு கேட்டேனே. வெளக்கேத்தும்போதெல்லாம் கேட்டேனே."

"அதுக்கும் சேத்து உண்டியல்ல போட்டுருவோம்" என்றார் மச்சான்.

"வாய மூடுங்க."

மூடினார்.

நான் முடிச்சை அவள் கையில் வைத்தேன். அவள் அதைப் பிரிக்கவில்லை. தூக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், கண்ணில் ஒற்றினாள். நான் பஸ் நேரம் பார்க்கத் தொடங்கியிருந்தேன். தாடிக்கொம்புக்கு இப்போதே கிளம்புவாள் என்று நினைத்தேன். அவள் நேராக மச்சானிடம் போய், சட்டையைத் தூக்கி, அவர் அரைஞாண் கயிற்றில் அந்த முடிச்சை வைத்து இறுக்கிக் கட்டினாள்.

"மரத்துல கட்டுனது என் தப்பு. மொதல்ல ஆஸ்பத்திரி. அங்க டாக்டர்கிட்ட எல்லாத்தையும் நீங்களே சொல்லணும். கை கால் விட்டுப்போகுதுன்னா வேற மாத்திரை குடுப்பாக. எல்லாம் முடிஞ்சு வந்தப்புறந்தான் தாடிக்கொம்பு. அது வரைக்கும் இது உங்க இடுப்புல கிடக்கும். பெருமாளு பக்கத்துலயே இருந்து பாக்கட்டும், யாரு ஏமாத்துறான்னு."

"குத்துதுடி."

"குத்தட்டும்."

பிறகு என்னைப் பார்த்தாள். "ஏலே, அந்த மிஷின அவரு இடுப்புகிட்ட வை."

வைத்தேன். முனகல் மெலிந்து உயர்ந்தது. அக்கா தலையை ஆட்டினாள். மச்சான் கூச்சத்தில் நெளிந்து, "ஆத்தாடி, கட்டுன பொண்டாட்டியே கடத்தல்காரன மாதிரிச் சோதிக்கிறாளே" என்றார். அப்போதுதான் அவள் சிரித்தாள். சிரித்தபடியே மூக்கைச் சிந்தினாள்.

அதற்கு அப்புறம் தினமும் காலையில் போனேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று கடையைப் பார்த்துக்கொள்கிற பையனுக்குச் சொன்ன சாக்கை மனைவியிடமும் சொன்னேன். அவள் கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தாள். தோட்டத்தில் நுழைந்ததும் மச்சான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பார். நான் வட்டை இடுப்பருகே கொண்டுபோவேன். அது பாடும். அக்கா மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டுவாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைக் காட்டுவார். அதன்பிறகு நான் என் போக்கில் மண்ணுக்குள் போய்விடுவேன்.

புதன்கிழமை விடிந்ததும் கார் வந்து வரப்போரம் நின்றது. மச்சான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முகத்தில் பயம் இருந்தது, மறைக்கவில்லை. காரில் ஒரு காலை வைத்தவர், இறங்கித் திரும்பி என்னிடம் வந்து கையைத் தூக்கினார்.

"வைங்க மாப்ள. ஒரு தடவ கேட்டுட்டுப் போறேன்."

வைத்தேன். கேட்டார். போதுமென்று தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார். அக்கா கதவைச் சாத்தினாள். கார் தார்ச்சாலைக்கு ஏறி மதுரைப் பக்கம் திரும்பியது. அதன் சத்தம் அடங்கிய பிறகும் என் கையில் கருவி முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் போன் வரும்வரை என்னால் சும்மா நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். திருகைக் கொஞ்சம் திருப்பினேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே இன்னும் பார்க்காமல் கிடந்தது.